புது கர்ட்டனா?

அத்தியாயம் 11

நெவேனாவின் நாவல் இருநூற்றுச் சொச்சம் பக்கம். த்ரியாவ்னா ஊர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டே சொல்.

"புது கர்ட்டனா?"

பல் ஆஸ்பத்திரியில் முன்பதிவு மேஜையில் உட்காரும் நெவேனா, மூன்று பனிக்காலங்களாக எழுதி எழுதி அடித்து முடித்த புத்தகம் அது. பெயர் 'வடக்குப் பார்த்த அறை'. டோரா என்ற பெண்ணும் அவள் கணவன் ஸாகரியும் ஒரே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் மெல்ல மெல்லத் தொலைக்கிற கதை. ஒன்பதாவது அத்தியாயத்தில் டோரா தன் இடுப்பு வரை தொங்கும் பின்னலைக் கத்தரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறாள். ஸாகரி சூப் குடிக்கிறான், உப்பு கேட்கிறான், தூங்கிப் போகிறான். ஒரு வாரம் ஓடுகிறது. எட்டாம் நாள் அவளை ஏறிட்டுப் பார்க்கிறான். வீட்டில் ஏதோ மாறியிருக்கிறதே என்று யோசிக்கிறான். பிறகு கேட்கிறான், புது கர்ட்டனா என்று.

கடைசியில் டோரா பஸ் ஏறிப் போய்விடுகிறாள். நன்றாகவும் வாழ்கிறாள்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்ததிலிருந்து ஊர்ப் பெண்களுக்கு அந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது. கல்யாண நாளை மறந்த கணவனுக்கு அதுதான் பதில். ஆறின சூப்பைப் பார்த்து முகம் சுளித்தவனுக்கும் அதுதான். பல் வைத்தியரின் நாற்காலியில் வாயில் பஞ்சோடு கிடந்தவர்கள்கூட, நெவேனா அந்தப் பக்கம் வந்தால் விரலை ஆட்டி அபிப்பிராயம் சொல்ல முயன்றார்கள். பாதிரியாருக்கு மட்டும் மனத்தாங்கல். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில்தானே கோயில், டோரா ஒரு நடை உள்ளே வந்துவிட்டுப் போயிருக்கலாமே என்றார். முடி வெட்டும் கடைக்காரி நெவேனாவை எங்கே பார்த்தாலும் கட்டிக்கொண்டாள். வியாபாரம் அப்படி.

ஆண்கள் நெவேனாவிடம் எதுவும் சொல்லவில்லை. இக்னாத்திடம் சொன்னார்கள்.

இக்னாத் அவள் கணவர். ரயில் பாதை பராமரிப்பில் வேலை பார்த்து, போன வசந்தத்தில் ஓய்வு பெற்றவர். காப்பிக் கடையில் சீட்டாடும் நண்பர்கள் ஒருநாள் அவரைக் கேட்டார்கள், என்ன இக்னாத், வீட்டில் புது கர்ட்டனா என்று. அவர் நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னார்.

"இல்லப்பா, பழசுதான். கோடையில துவைச்சுப் போட்டோம்."

கடையே சிரித்தது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மனைவியின் புத்தகத்தைப் படிக்காதவர் என்று ஊரில் ஒருவர் இருந்தால் அது அவர்தான். முதல் பிரதி வீட்டுக்கு வந்த அன்று அதைக் கையில் வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, நான் இதைப் படிக்கலாம்னா நீயே சொல்லு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நெவேனா இன்றுவரை சொல்லவில்லை.

காரணம் அந்த ஒன்பதாவது அத்தியாயம். பின்னலை வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது டோரா மட்டும் இல்லை. மகள் பில்யானா நாலாம் வகுப்பு படித்த வருஷம், நெவேனாவும் அப்படித்தான் வந்தாள். கர்ட்டன் பேச்சு அவள் கற்பனை. இக்னாத் கர்ட்டனைப் பற்றிக் கேட்கவில்லை. எதைப் பற்றியுமே கேட்கவில்லை.

*

டிசம்பர் இருபது, புனித இக்னாத் நாள். அந்தப் புனிதரின் பெயரையே வைத்துக்கொண்ட வீட்டுக்காரருக்கு அது பெயர் நாள், பிறந்த நாள் மாதிரி.

பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. நினைவிருக்கிறவர்கள் வருவார்கள், வந்தவர்களை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். அதுவும் இக்னாத் நாள் என்றால் கூடுதலாக இரண்டு கட்டுப்பாடு. அன்று காலை வாசலை முதலில் மிதிக்கிறவருடைய கால் ராசிதான் அந்த வருஷம் முழுக்க. இன்னொன்று, அன்று வீட்டிலிருந்து ஒரு தீக்குச்சிகூட வெளியே போகக் கூடாது. போனால் வீட்டு அதிர்ஷ்டமும் அதோடு போய்விடும்.

முதல் காலடிக்குப் பக்கத்து வீட்டு ராய்னாவை ஏற்பாடு செய்வது வழக்கம். ராய்னா மிதித்த வருஷங்களில் கோழிகள் ஒழுங்காக முட்டையிட்டன, இக்னாத்தின் முழங்கால் வலி அடங்கியிருந்தது. முந்தின நாள்கூட நெவேனா வேலி ஓரம் நின்று நினைவூட்டிவிட்டு வந்திருந்தாள்.

விடிந்தும் விடியாமலும் கதவு தட்டும் சத்தம். நெவேனா வாதுமைக் கொட்டையும் கோதுமையும் நிறைந்த கிண்ணத்தோடு கதவைத் திறந்தாள்.

வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றது பில்யானா. கம்பளித் தொப்பியில் பனி. கையில் பெரிய பெட்டி.

"முதல்ல வந்தது நானாம்மா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "போச்சு உங்க வருஷம்."

இக்னாத் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மகளை முத்தமிட்டார். பெட்டியைத் தூக்கினார். அதன் கனத்தில் அவர் தோள் ஒரு பக்கம் சாய்ந்ததை நெவேனா பார்த்தாள். நாலு நாள் விடுமுறைக்கு யாரும் இவ்வளவு கொண்டு வருவதில்லை. அவர் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு முதலில் வந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். அடுப்புக்குப் பக்கத்தில் தலையணை போட்டு அவளை உட்கார வைத்து, மடி நிறையக் கொட்டைகளைக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை.

ராய்னா வந்தபோது பில்யானா இரண்டாவது கோப்பைத் தேநீரில் இருந்தாள். தனக்கு முன்னால் யாரோ மிதித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ராய்னாவுக்கு முகம் தொங்கிவிட்டது. இதற்காக இருட்டிலேயே எழுந்து தலை வாரிக்கொண்டு வந்தவளாம். கோழி முட்டையிடாவிட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்றாள். அதற்குள் கண் கூடத்து மூலையில் இருந்த பெட்டி மேல் விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள். ராய்னா வாயை மூடுவது என்றால் விஷயம் பெரிதுதான்.

ஆனால் வந்த இரண்டாவது காரியத்தை அவள் விடவில்லை. வாசகசாலைப் பிரதியை எட்டு அத்தியாயம் படித்ததும் பிடுங்கிவிட்டார்கள், வரிசையில் அத்தனை பேர். வீட்டுப் பிரதியை இரவல் கேட்டாள். இன்றைக்கு எதுவும் வெளியே போகக் கூடாது என்று நெவேனா சொன்னாள். அன்று காலையில் அவளுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அந்தச் சாக்குதான்.

"அதுக்கென்ன, மத்தியானம் வந்து இங்கயே உக்காந்து படிக்கறேன்," என்றாள் ராய்னா.

*

விரத காலம், கறி கிடையாது. கோஸ் இலையில் அரிசியும் கொட்டையும் வைத்து அம்மாவும் மகளும் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

பில்யானா கல்யாணமாகி ப்லோவ்தீவில் இருக்கிறாள். மாப்பிள்ளை காமென் ஜெர்மனிக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் சில நாள்தான் வீடு. குணம் கெட்டவன் இல்லை, குடிப்பதில்லை, சம்பாதித்ததை அப்படியே கொண்டு வந்து கொடுப்பான். இது நெவேனா மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

அவனுக்குத் தெரியுமா நீ இங்கே வந்தது என்று கேட்டாள்.

"மேஜை மேல உன் புத்தகத்தை வச்சுட்டு வந்தேன். படிச்சா தெரிஞ்சுக்குவான்."

நெவேனாவின் கையில் இருந்த இலை பிரிந்து அரிசி சிந்தியது.

பில்யானா எழுந்து கதவைச் சாத்தினாள். கம்பளிச் சட்டையைத் தூக்கினாள். வயிற்றின் வலப்பக்கம், இன்னும் சிவப்பு மாறாத ஒரு தழும்பு. குடல்வால் ஆபரேஷன், நவம்பர் ஆரம்பத்தில். காமென் அப்போது ஜெர்மனியில். கீழ் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

நெவேனா கையை நீட்டித் தழும்பைத் தொடப் போனாள். பிறகு கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறவள், சளி பிடித்திருக்கிறது என்றுதானே சொன்னாள்.

"உன்கிட்ட சொன்னா நீ அவன்கிட்ட சொல்லிடுவ. அதான் சொல்லலை."

"அவன்கிட்ட ஏன் சொல்லலை?"

"டோரா சொன்னாளா?"

பில்யானா நிதானமாகச் சொன்னாள். காமென் மாதக் கடைசியில் வந்தான். நாலு நாள் இருந்தான். ஆஸ்திரியாவில் பனி, எல்லையில் வரிசை, டீசல் விலை என்று பேசினான். தூங்கினான். அவள் குனிந்து எதையும் தூக்காமல் இருந்ததைப் பார்க்கவில்லை. தழும்பையும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கிளம்பிப் போய்விட்டான்.

அது கதை, நான் இட்டுக்கட்டி எழுதியது என்று நெவேனா சொல்லப் போனாள். இரண்டு மாதமாகப் பாதிரியாருக்கும் பல் வலிக்காரர்களுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். மகள் முந்திக்கொண்டாள்.

"கர்ட்டன் கதையாவே இருக்கட்டும். பின்னல்? நான் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தூங்குவேன். ஒருநாள் இல்லாம போச்சு. அப்பா ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு ஞாபகம் இருக்கும்மா."

நெவேனா இலையை விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நீ இருந்துட்ட," என்றாள் பில்யானா. "டோராவைப் போக வச்ச. நல்லா வாழவும் வச்ச. இருந்துட்டவ எழுதின கதை அது. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்வியை எந்த வாசகரும் நெவேனாவிடம் கேட்டதில்லை. தான் எழுதிய ஒரு பக்கம் மகளின் வீட்டைப் பிரித்துப் போட்டுவிடுமோ என்ற பயம் இப்போது அவளைப் பிடித்துக்கொண்டது. திருமணத்தைக் காப்பாற்று என்று சொல்லவும் வாய் வரவில்லை, வந்துவிடு என்று சொல்லவும் வரவில்லை. எதைச் சொன்னாலும் அதில் இக்னாத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் வைன் ஜாடியை நிரப்பிக்கொண்டிருந்தார்.

*

மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். சீட்டாட்ட நண்பர்கள் இரண்டு பேர், அவர்களுடைய மனைவிமார், கண்ணாடியும் கையுமாக ராய்னா. பில்யானா சிரித்த முகமாகப் பரிமாறினாள். பரங்கிக்காய்ச் சுருள் எடுத்துவரப் போனவள் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள்.

காமென் நின்றான். லாரிக்காரர்களின் கனத்த கோட்டு, சவரம் செய்யாத முகம், கையில் ஒரு வைன் பாட்டில். அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, "பெயர் நாள் வாழ்த்துகள், அப்பா," என்றான்.

வேறு நாளாக இருந்திருந்தால் பில்யானா கதவைச் சாத்தியிருப்பாள். பெயர் நாளுக்கு வந்தவனை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அது தெரிந்துதான் அவன் வந்திருந்தான்.

இக்னாத் எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பில்யானா அவன் முன்னால் தட்டு வைத்தாள். சாப்பாட்டுக் கடையில் வைப்பது போல, அவன் முகத்தைப் பார்க்காமல். கோட்டைக் கழற்றும்போது அதன் பையில் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது. இந்தாளும் படிச்சுட்டான் என்று ராய்னா பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். ராய்னாவின் கிசுகிசுப்பு தெருவுக்கே கேட்கும்.

சங்கடத்தை மாற்றத்தான் வெலிகா அதைச் சொன்னாள். வெலிகா சீட்டாட்ட நண்பர் ஒருவரின் மனைவி, நல்லவள். ராய்னா, மூலையில் உட்கார்ந்து முணுமுணுக்காமல் எங்களுக்கும் கேட்கிற மாதிரி படியேன் என்றாள். நெவேனா குறுக்கே விழுந்து, சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், வெளிச்சம் போதாது, கண் வலிக்கும் என்று என்னென்னவோ சொன்னாள். கண்ணாடி இருக்கிறது என்றாள் ராய்னா. வாசகசாலைக்காரர்கள் பிடுங்கிய இடத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒன்பதாவது அத்தியாயம்.

ராய்னா ஒரு காலத்தில் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவள். குரல் தெளிவாக விழுந்தது. கத்தரிக்கோல், பின்னல், வீடு திரும்பும் டோரா, சூப், உப்பு. பெண்கள் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். அந்த இடம் வந்தபோது வழக்கம்போல இரண்டு மனைவிமாரும் சேர்ந்தே சொல்லிவிட்டார்கள்.

"புது கர்ட்டனா?"

சொன்ன பிறகுதான் யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. இக்னாத் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ராய்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பிக் கடைச் சிரிப்பு அவருக்கு இப்போது விளங்கியிருக்க வேண்டும். காது மடல் சிவந்துவிட்டது.

வெலிகா மெதுவாகக் கேட்டாள். திட்டுவது போல இல்லை, தம்பியைக் கேட்பது போல.

"ஒரு வாரமா இக்னாத்? ஒரு வாரமாவா நீ பாக்கலை?"

அது கதை என்று நெவேனா வாய் திறந்தாள். இக்னாத் கையை லேசாகத் தூக்கினார்.

"அன்னிக்கே பாத்தேன்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"பூட்ஸ் கழட்டும்போதே பாத்தேன். அவ அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்தா. கழுத்து தெரிஞ்சுது. கல்யாணமானதுலேர்ந்து அந்தக் கழுத்தை வெளிச்சத்துல நான் பாத்ததே இல்லை."

"அப்புறம் ஏன்யா கேக்கலை?" ராய்னாவால் தாங்க முடியவில்லை.

"கேட்டா பதில் சொல்லிடுவாளே."

அவரே தொடர்ந்தார், நெவேனாவைப் பார்க்காமல், மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே.

"அந்தப் பதிலுக்குப் பயந்துட்டேன். சூப் குடிச்சேன். உப்பு கேட்டேனான்னு ஞாபகம் இல்லை, கேட்டிருப்பேன். கர்ட்டன்னு நான் சொல்லலை. ஆனா அதைவிட நல்லதா நான் ஒண்ணும் சொல்லிடலை. இந்த ஸாகரியாவது எட்டாம் நாள் வாயைத் திறந்தான்."

நெவேனா அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் இந்த மனிதர் பார்க்கவில்லை என்று நினைத்து அழுதிருக்கிறாள், கோபப்பட்டிருக்கிறாள், அதை வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாள். பார்த்தார் என்று தெரிந்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தால், அப்படி ஆகவில்லை. வலி இடம் மாறி உட்கார்ந்தது. ஆனாலும் அவர் பேசுவதை நிறுத்திவிடக் கூடாதே என்றிருந்தது.

பில்யானா பரங்கிக்காய்ச் சுருள் தட்டை மேஜையில் வைத்தாள். காமென் பக்கம் திரும்பினாள்.

"நீயும் பாத்தியா?"

மற்றவர்களுக்கு எதைப் பற்றிய பேச்சு என்று தெரியவில்லை. நெவேனாவுக்குத் தெரியும். மாமனார் இப்போதுதான் ஒரு வழி திறந்து வைத்திருக்கிறார். பார்த்தேன், பயந்துவிட்டேன் என்று சொன்னால் போதும். பில்யானா நம்பக்கூடும். நம்ப விரும்பினாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. சொல்லிவிடு பிள்ளே என்று நெவேனா மனசுக்குள் கெஞ்சினாள்.

காமென் மனைவியை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இல்லை," என்றான். "நான் எதையும் பாக்கலை."

கோட்டுப் பையைத் தொட்டான்.

"ராத்திரி வீடு வந்து சேர்ந்தப்ப நீ இல்லை, புத்தகத்தை வச்சுட்டுப் போயிருந்த. ரயில்ல முழுக்கப் படிச்சேன். நீ எதையோ மாத்திக்கிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கன்னு புரிஞ்சுது. வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். முடி அதேதான். மூக்குக் கண்ணாடி அதேதான். இப்பவும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். கண்டுபிடிக்க முடியலை பில்யானா. என்னன்னு நீயே சொல்லு."

அவள் சொன்னாள். அத்தனை பேர் முன்னாலும், ஆபரேஷன் என்ற ஒரே சொல்லில்.

காமென் முகம் வெளுத்துப்போனது. எழுந்திருக்கப் போனவன் மறுபடி உட்கார்ந்தான். எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் என்று ஆரம்பித்து, அதை அங்கேயே விழுங்கினான்.

"பண்ணலை," என்றாள் பில்யானா. "அது என் தப்பு. அந்த நாலு நாள் உன் தப்பு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

கீழ் வீட்டுக்காரி என்றாள். எந்த நேரம் என்றான். வலி எப்போது ஆரம்பித்தது, படி இறங்க முடிந்ததா, மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், வீட்டுக்கு வந்த பிறகு கடைக்கு யார் போனார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் முதலில் ஒரு சொல்லில் பதில் சொன்னாள், பிறகு ஒரு வாக்கியத்தில். மயக்கம் தெளிந்தபோது யாரும் இல்லை என்று சொல்ல வந்த இடத்தில் நாற்காலியை இழுத்து அவன் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

ராய்னா புத்தகத்தை மூடினாள். அத்தியாயம் முடிய இன்னும் பக்கம் இருந்தது. யாரும் ஜாடை காட்டாமலே தன் கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள். வெலிகா போகிற போக்கில் இக்னாத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இனிமேல் காப்பிக் கடையில் கர்ட்டன் பேச்சு எடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தன் வீட்டுக்காரரிடம் அவள் வாசலில் சொன்னது உள்ளே கேட்டது.

*

சாயங்காலம் ஒரு முடிவு மாதிரி ஏதோ ஆனது. காமென் காலையில் முதல் ரயிலைப் பிடித்துப் போய் லாரியை எடுத்தாக வேண்டும். பில்யானா கூடப் போகவில்லை. புது வருஷம் கழியும்வரை இங்கேதான் இருப்பேன், அதற்கப்புறம் என்னவென்று இப்போது கேட்காதே என்றாள். அவன் கேட்கவில்லை. தினமும் போன் பண்ணலாமா என்று மட்டும் கேட்டான். பண்ணு, ஆனால் ரோட்டைப் பற்றிப் பேசினால் வைத்துவிடுவேன் என்றாள். படுக்க ராய்னா வீட்டுக்குப் போனான். அவள்தான் கோட்டை மாட்டியபடி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மாடியில் பில்யானா தூங்கிவிட்டாள். கூடத்து மூலையில் பெட்டி திறக்கப்படாமலே இருந்தது.

நெவேனா பாத்திரம் கழுவினாள். இக்னாத் பக்கத்தில் நின்று துடைத்தார். தட்டுகளும் கோப்பைகளும் முடிந்தன, அவர் துண்டை உதறி மடித்து வைத்தார். வழக்கமாக இந்த நேரத்தில் ரேடியோவைப் போடுவார். போடவில்லை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார்.

இனிமேல் புத்தகத்தைப் படிக்கட்டுமா என்று கேட்கப் போகிறார் என்று நெவேனா நினைத்தாள். சரி என்று சொல்லவும் தயாராக இருந்தாள்.

"அன்னிக்கு முடியை ஏன் வெட்டிக்கிட்ட?" என்றார் இக்னாத்.

நெவேனா குழாயை மூடினாள்.

அந்தக் கேள்விக்கு ஊர் முழுக்கப் பதில் தெரியும். புருஷன் கவனிக்கிறானா என்று பார்க்க. வாசகசாலைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். ஆனால் அது டோராவின் காரணம். எழுத வசதியாக இருந்தது, படித்தவர்களுக்கும் பிடித்தது. தன் காரணத்தை நெவேனா எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கேட்க யாரும் இல்லை என்று அதை உள்ளே எங்கோ போட்டுப் பூட்டியிருந்தாள். இன்றைக்குக் கேட்டுவிட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நீ எழுந்து போகக் கூடாது."

"போக மாட்டேன்."

அவர் முகத்தில் பயம் இருந்தது. அன்றைக்கும் இதே பயம்தான் இருந்திருக்கும், அவள் மறுபக்கம் திரும்பி நின்றிருந்ததால் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு நான் முதல்ல போனது முடி வெட்டற கடைக்கு இல்லை, இக்னாத்," என்று ஆரம்பித்தாள் நெவேனா.